உலரக் கூடாத கல்

வெர்னா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். வலது கை, இடது கை, வலது கை. நனைந்த நைலான் உள்ளங்கையை அறுத்தது. ஆற்று வளைவில் முழங்கால்வரை தண்ணீரில் நின்று, பாசி வழுக்கும் சுண்ணாம்புப் பாறையில் காலூன்ற இடம் தேடித் தேடி இழுத்தாள். ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே இழுத்தாள்.

மே மாத நடுப்பகல். நாலு மாதமாக மழையில்லை. சுவானி ஆறு இந்த அளவுக்கு இறங்கி அவள் பார்த்ததில்லை. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் சைப்ரஸ் வேர்களெல்லாம் முட்டி முட்டியாகக் கரையில் நின்றன. அப்படியும் ஆற்றுக்குள் வெளிச்சம் போகவில்லை. மேலே கடுந்தேநீர் நிறம். இரண்டு முழம் கீழே கறுப்பு. அதற்கும் கீழே, நெற்றி விளக்கு ஒரு கையகலம்கூடக் காட்டாத கறுப்பு. கல்லாகிப்போன பவளக் கூடு தேடி இறங்குகிறவன் அங்கே கண்ணை நம்புவதில்லை. கையால் தடவுவான். இரும்புக் கம்பியால் தட்டி, உள்ளே காலியா கெட்டியா என்று கேட்பான். முதுகுச் சிலிண்டரின் வாரில் கட்டிய கயிற்றால் மேலே நிற்கும் ஆளோடு பேசுவான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்றால், இருக்கிறேன். இரண்டு என்றால், தளர்த்து. மூன்று என்றால், தூக்கு.

அவள் புருஷன் லாமரிடமிருந்து கடைசி இழுப்பு வந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அறுபத்தொரு வயது. நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் குளிப்பதற்குக்கூடத் தலைக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். காலையில் சமையலறையில் அதை வைத்துத்தான் சண்டை. ஆறு இப்படி இறங்குவது இதுதான் கடைசித் தடவையாக இருக்கும், வெர்னி, இதை விட்டால் எனக்கு வேறு கோடை கிடையாது என்று சிரித்தான். அவளும் பதில் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். பேசியிருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருக்க வேண்டும்.

இழுத்தபடியே வாய்விட்டுச் சொன்னாள். ஜெபமா, மிரட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்துமூன்று வருஷம் இவனோடு இந்த ரோட்டில் வந்திருக்கிறேன். தனியாகத் திரும்பிப் போகமாட்டேன். எந்த நிலையில் கொடுத்தாலும் சரி, கொடு. கூட்டிக்கொண்டுதான் போவேன்.

கயிறு வந்துகொண்டே இருந்தது.

கடைசி முழமும் வந்தது.

*

வீட்டுக்கு இருபது மைல். வெர்னாதான் வண்டி ஓட்டினாள். லாமர் பக்கத்து இருக்கையில், மடியில் கல்லை வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் ஜோடி ஜோடியாக மே மாதப் பூச்சிகள் மோதிச் சிதறின.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. வண்டி இரண்டு தடவை மஞ்சள் கோட்டைத் தாண்டியது. பரவாயில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறான். திரும்பிப் பார்த்தால் இருக்கிறான். மறுபடி பார்த்தாள். இருந்தான்.

சாதாரணமாக ஆற்றிலிருந்து ஏறினால் லாமர் கால் மணி நேரம் இருமுவான். பிறகு ஆற்றைத் திட்டுவான், டாக்டரைத் திட்டுவான், பெட்ரோல் பங்க்கில் வாங்கிய அவித்த வேர்க்கடலைப் பையைப் பிரித்து வீடு வரும்வரை ஓட்டை வெளியே துப்பிக்கொண்டே வருவான். இன்றைக்குப் பை பிரிக்கப்படாமல் கிடந்தது. இருமல் இல்லை. பசிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றான். குளிருதா என்றாள். அதற்கும் இல்லை. குரல் அவன் குரல்தான். பதில்கள் சரியான பதில்கள்தான்.

ஒன்றே ஒன்று. ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன, அனல் காற்று அடித்தது, அவள் கால்சட்டை காய்ந்து மொடமொடவென்று ஆகிவிட்டது. லாமரின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காதோரம் ஒரு சொட்டு. தாடையில் ஒரு சொட்டு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் சொட்டியது. அவன் இறங்கியதும் பார்த்தாள். இருக்கைக்கு அடியில், மிதியடியில், பழுப்பு நிறத்தில் குளம் கட்டியிருந்தது.

கல் பெரியது. பூசணிக்காய் அளவு. வெளியே கறுத்து, கரடுமுரடாக, பிறத்தியார் பார்த்தால் காலால் எத்திவிட்டுப் போவார்கள். கொண்டுவந்த கல்லை அன்றைக்கே, தொப்பியைக்கூடக் கழற்றாமல், கொட்டகையில் ரம்பத்தில் ஏற்றி இரண்டாக அறுத்துப் பார்ப்பதுதான் லாமரின் வழக்கம். உள்ளே தேன் நிறத்தில், திராட்சைக் குலைபோல் உருண்டு உருண்டு அகேட் மணிக்கல் படிந்திருந்தால் முற்றத்தில் ஒரு குதி குதிப்பான்.

இன்று கொட்டகைப் பக்கமே போகவில்லை. சமையலறை மேஜையில் கல்லை வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். வெர்னா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். காலிதான். நல்ல ஓசை. காதருகே வைத்து மெல்லச் சாய்த்தாள். உள்ளே ஏதோ உருண்டு, மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

தண்ணீர்.

பவளம் கல்லான காலத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். முப்பது வருஷத்தில் இப்படி நாலு கல்தான் கிடைத்திருக்கிறது. தண்ணீர்க் கல்லை அறுக்கக் கூடாது. காயவும் விடக் கூடாது. பார்க்கத்தான் கெட்டி, காற்றில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே உள்ளிருக்கும் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். ஒருநாள் சாய்த்துப் பார்த்தால் ஓசை இருக்காது. அதனால் ஆற்றுத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைப்பார்கள். இது சுவானிக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த முறை.

பக்கெட் எடுத்து வரட்டுமா என்றாள்.

"பக்கெட் பத்தாது," என்றான் லாமர்.

கல்லைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். கால் வைத்த இடமெல்லாம் தரைப் பலகை முனகியது. நீலச் சட்டையோடு, பூட்ஸோடு, காலித் தொட்டிக்குள் இறங்கி மல்லாந்து படுத்தான். கல்லை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்தான், காப்பி கேட்கும்போது பார்ப்பதுபோல்.

குழாயைத் திறந்தாள். அவன் தலையை ஆட்டினான். அந்தத் தண்ணீர் இல்லை.

அதிர்ச்சி, என்று நினைத்துக்கொண்டாள். மூச்சுக் குறைந்தால் மூளை கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். நாளைக்குச் சரியாகிவிடும். அன்று சாயங்காலம் ஆறு கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

*

மூன்றாம் நாள் ஹோய்ட் வந்தான். லாமரின் பெரியப்பா மகன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரே ஆற்றில் சேர்ந்து நீந்தக் கற்று, ஒரே ஆற்றில் தனித்தனியாகக் கல் எடுக்கிறவர்கள்.

"என்ன மிஸ் வெர்னா, ஆளையே காணோம்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்க ரெண்டு பேருக்கும் ஜெபம் பண்ணியாச்சு. நான்தான் பாஸ்டர்கிட்ட சொன்னேன், நோயெல்லாம் ஒண்ணுமில்ல, பெரிய கல்லு மாட்டிருக்கும், உக்காந்து கொஞ்சிக்கிட்டிருப்பான்னு."

அவள் தடுப்பதற்குள் குளியலறைக் கதவைத் தள்ளினான்.

தொட்டி விளிம்புவரை பழுப்புத் தண்ணீர். அதில் மிதந்த இலைச் சருகுகள். லாமரின் முகம் மட்டும் மேலே. ஹோய்ட் கதவுப் பிடியை விடவில்லை.

"டேய், கெளுத்தி மீனா மாறிட்டியா? சோள மாவுல பொரட்டி எண்ணெயில போடவா?"

லாமர் சிரித்தான். சரியான சிரிப்பு. எழுந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினான். கை குலுக்கத்தான் என்று ஹோய்ட் குனிந்தான். லாமர் நடுவிரலை மடக்கி அவன் நெஞ்செலும்பில் இரண்டு தட்டு தட்டினான். டொக், டொக். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டான். பிறகு, தட்டிப் பார்த்துவிட்டு ஆற்றிலேயே போட்டுவிட்டு வரும் கல்லைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தான். மறுபடி படுத்துக்கொண்டான்.

ஹோய்ட் சட்டையில் ஒட்டிய ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். வண்டிக் கதவைத் திறந்துகொண்டு, டாக்டரிடம் காட்டினாயா என்று மெதுவாகக் கேட்டான். காட்டினேன் என்று வெர்னா பொய் சொன்னாள். ஜுரம் இறங்கத் தண்ணீரில் வைத்திருக்கச் சொன்னார் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவனும் தலையாட்டிவிட்டு, இந்த வாரம் ஆறு இன்னும் ஒரு அடி இறங்குமாம், நானும் வளைவுப் பக்கம் இறங்கிப் பார்க்கலாமென்று இருக்கிறேன், அந்தப் பாறை விளிம்புக்கு அடியில் ஏதாவது இருக்கா என்று கேட்டான். சும்மா, பேச்சுக்கு.

"அங்க எறங்காத, ஹோய்ட்."

சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகப் பட்டது. சரிக்கட்டப் பார்த்தாள். நீரோட்டம் மோசம் என்றாள். விளிம்பு எந்நேரமும் இடியும் என்றாள். அங்கே ஒன்றுமே இல்லை, நாங்கள் துழாவிப் பார்த்துவிட்டோம் என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஹோய்டின் கண் ஒரு சுற்றுப் பெரிதாகிக்கொண்டே போனது.

வண்டி கிளப்பிய தூசி அடங்கிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. இந்தத் தொழிலில் கல் கிடைக்கும் குழியைப் பற்றி யாரும் உண்மை சொல்வதில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்லமாட்டான். அங்கே ஒன்றுமில்லை என்று ஒருத்தர் சொன்னால் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். போடா, போய் அள்ளிக்கொள் என்று சொல்லியிருந்தால் ஹோய்ட் அந்த வளைவின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்கமாட்டான்.

*

நாட்கள் தண்ணீர் சுமப்பதிலேயே போயின. காலையில் ஆறு கேன், சாயங்காலம் ஆறு கேன். எவ்வளவு ஊற்றினாலும் மறுவேளைக்குள் தொட்டி நாலு விரல் இறங்கியிருந்தது. தரையில் கசிவு இல்லை. அடைப்பான் இறுக்கமாக இருந்தது. எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது.

உட்கார முடியவில்லை. பாத்திரத்தைக் கழுவி, கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள். முற்றத்தில் ஓக் மரத்திலிருந்து தொங்கும் நரைத்த பாசி காற்றில் அசைந்தால்கூட யாரோ வருகிறார்கள் என்று ஜன்னலுக்கு ஓடினாள். வீடெங்கும் ஆற்று வாடை: அழுகின இலை, ஈரச் சுண்ணாம்பு, பழைய இரும்பு. தலையணையில், ரொட்டியில், அவள் முடியில். வீட்டின் எந்த மூலையில் நின்றாலும், தொட்டியில் அவன் புரண்டு படுக்கும் ஓசை கேட்டது. முதலில் வெளித் தண்ணீர் தளும்பும். அது அடங்கி ஒரு நொடி கழித்து, இன்னொரு தளும்பல். சின்னது. அடக்கமானது. மூடிய பாத்திரத்துக்குள் கேட்பதுபோல்.

கல்தான், என்று சொல்லிக்கொண்டாள். அவன் வயிற்றின்மேல் இருக்கும் கல்.

கல் இப்போது ஜன்னல் விளிம்பில், ஒரு பாத்திரத்தில் இருந்தது. இரண்டாம் நாளே அவள்தான் எடுத்து வைத்தாள்.

லாமர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வான். வருஷா வருஷம் கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இதைத்தான் சொல்வான். இந்த ஊர் கடலாக இருந்த காலத்தில் பவளம் உயிரோடு இருந்தது, பிள்ளைகளா. செத்தது. மண் மூடியது. தண்ணீர் வந்து அதை ஒரு பொடி கரைத்து எடுத்துக்கொண்டு போகும்; எடுத்த இடத்தில் ஒரு பொடி கல்லை வைத்துவிட்டுப் போகும். எடுக்கும், வைக்கும். அவசரமே இல்லை. கடைசியில் பவளத்தில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. ஆனால் பாருங்கள், ஒவ்வொரு பூவும் அப்படியே இருக்கிறது. பவளத்துக்கே வித்தியாசம் தெரியாது.

அந்தக் கடைசி வரிக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆறாம் நாள் பிற்பகல். கட்டிலில் சாய்ந்தவள் கண் அயர்ந்துவிட்டாள். வெயில் திரைச்சீலை வழியாகப் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விழிப்பு வந்தபோது முதலில் ஓசைதான்.

டொக்.

மிக அருகில். டொக், டொக்.

கண்ணைத் திறக்கவில்லை. கட்டில் அவன் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. முன்னெல்லாம் இறங்குவதைவிட ஆழமாக. ஈரம் விரிப்பில் பரவி அவள் முழங்கையைத் தொட்டது. மடக்கிய விரல் ஒன்று அவள் கழுத்தெலும்பில் தட்டியது. நிறுத்தியது. கொஞ்சம் கீழே. விலா. அதற்கடுத்த விலா. ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு ஒரு காது, ஜில்லென்று, தோலின்மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

பொறுமையாக. ஆற்றில் தட்டுவதுபோலவே. முப்பத்துமூன்று வருஷமாக அவள் பார்த்த அதே விரல், அதே தாளம்.

"இன்னும் ஆகல," என்றான் லாமர். ஏமாற்றம் இல்லாத குரல். "கொஞ்ச நாள் போகட்டும்."

பலகைகள் முனகின. தொட்டியில் தண்ணீர் விலகி வழிவிட்டது.

அவள் மாலைவரை அசையாமல் கிடந்தாள். பிறகு எழுந்து, விரிப்பை மாற்றி, கேன்களை வண்டியில் ஏற்றினாள். கண்ணாடியைக் கடந்தபோது நின்று கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த அனலிலும், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் தண்ணீர் கொண்டுவர நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது, ஊறி இற்றுப்போன சட்டை விலகி, அவன் தோள்கள் வெளியே தெரிந்தன. காய்ந்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. தோலுக்கு அடியில் ஏதோ வரிசை வரிசையாக. குனிந்தாள். பூக்கள். கடுகளவு பூக்கள். ஆறு இதழ், ஆறு இதழ், ஆறு இதழ். தோளிலிருந்து கழுத்து. கழுத்திலிருந்து காது.

நகங்கள் வழியே வெளிச்சம் போனது. தேன் நிறம்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்பாகத்தான்.

வெர்னா கையை அவன் நெஞ்சில் வைத்தாள். இத்தனை நாள் வைக்காத கை. வழவழப்பு. குளிர்ச்சி. காத்திருந்தாள். துடிப்பு இல்லை. இன்னும் காத்திருந்தாள். காதை வைத்தாள்.

தளும்பியது. உள்ளே. அவன் மூச்சுவிடுவதுபோல் நெஞ்சை உயர்த்தியபோதெல்லாம்.

ஓடியிருக்கலாம். சாவி கையில் இருந்தது. வண்டி வாசலில் இருந்தது.

முதல் கேனின் மூடியைத் திருகினாள். காய்ந்த தோளின்மேல் மெதுவாக ஊற்றினாள். ஒரு இடம் விடாமல்.

*

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஹோய்டின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்னா வலைக்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முடி ஈரமாக இருந்தது. ஆற்று ஈரம்.

கடைசியில் வந்தான். படி ஏறவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"நான் எறங்கிட்டேன், வெர்னா. சொல்லியும் கேக்கல."

அவள் வலைக்கதவைத் தாழிட்டாள்.

"வளைவுல. விளிம்புக்கு அடியில." தொப்பி விளிம்பைச் சுருட்டினான். "தண்ணி எறங்கினதுல அந்தப் பொந்து வாய் தெறந்துக்கிச்சு. கைய விட்டுத் தடவினேன். கல்லுன்னு நெனச்சேன். மூக்கு. வாய். விளக்க ஒட்டிப் புடிச்சேன்."

வீட்டுக்குள்ளே தொட்டியில் தண்ணீர் தளும்பியது.

ஹோய்டின் கண் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"நான் அவனோட பொறந்து வளந்தவன். புருவத்துல என் தூண்டில் கிழிச்ச தழும்பு இருக்கு. நான் தொட்டுப் பாத்தேன். அதே நீலச் சட்ட. ஆமைகூடத் தொடல அவன. நாள்கணக்கா அங்கதான் இருக்கான், வெர்னா." குரல் உடைந்தது. "நான் அன்னைக்கு வந்து யார்கிட்டப் பேசினேன்?"

உள்ளே பலகை முனகியது. ஒன்று. ஒரு இடைவெளி. இன்னொன்று.

"ஷெரிஃப்கிட்ட இன்னும் போகல. மொதல்ல உங்கிட்ட வந்தேன்."

"போகாத."

"வெர்னா."

"அவன அங்கயே விட்டுடு. யாரும் எடுக்க வேணாம். எடுத்தாப் பொதைக்கணும். பொதைச்சா நான் வெதவ." நிதானமாகச் சொன்னாள், கடைச் சாமான் பட்டியல் சொல்வதுபோல். "எனக்குப் புருஷன் இருக்கான்."

வீட்டுக்குள் நடை நெடுகச் சுவரை யாரோ தட்டிக்கொண்டு வந்தார்கள். டொக். டொக். ஒவ்வொரு பலகையாக. அவசரமில்லாமல். ஆற்று வாடை வலைக்கதவைத் தாண்டி வாசலுக்கு வந்தது.

ஹோய்ட் ஒரு அடி பின்னால் வைத்தான். ஆனாலும் மனசு ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. தண்ணீருக்குள் வாழ்ந்தவன் கேட்கும் கேள்வி.

"அவன் மேல சிலிண்டர் இல்ல. வாரு இல்ல. இருட்டுல, மாட்டிக்கிட்ட நெலமையில, அத்தன கொக்கியையும் எப்படிக் கழட்டினான்?"

வெர்னாவுக்குப் பின்னால் இருட்டு உயரமாயிற்று. ஈரக் கை ஒன்று அவள் தோளில் வந்து அமர்ந்தது. கனத்தில் அந்தப் பக்கத் தோள் சரிந்தது. விரல்களின் வழியே வாசல் வெயில் தேன் நிறத்தில் ஊடுருவியது. அவள் தலையைச் சாய்த்து அந்தக் கையின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சொட்டு அவள் கழுத்தில் விழுந்து பொத்தானுக்குள் இறங்கியது.

"அவன் கழட்டல, ஹோய்ட்," என்றாள். "அன்னைக்குக் கயித்துல ஆள் கனமே இல்ல. சிலிண்டர் வந்துச்சு. வாரு வந்துச்சு. நாலு கொக்கியும் மாட்டினது மாட்டினபடியே இருந்துச்சு. உள்ள ஆள் இல்ல. ஒரு மணி நேரம் கத்தினேன். ஷெரிஃபக் கூப்பிடலாம்னு சாவிய எடுத்துக்கிட்டு மேட்டுல ஏறினேன். திரும்பிப் பாத்தா, இவன் கல்லத் தூக்கிக்கிட்டுத் தண்ணியிலேர்ந்து நடந்து வரான்."

கை அவள் தோளை லேசாக அழுத்தியது.

"இவன் யாருன்னு நான் கேக்கல. துண்ட எடுத்துக் குடுத்து, வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."